பிக்கப்பைத் தாழ்த்துவதற்கான வழிகள்: திருநெல்வேலிச் சாலைகளுக்கு ஓர் ஒப்பீடு

பிக்கப் வண்டியைத் தாழ்த்தித் தரும்படி கேட்டு வருகிறவர்களிடம் காரணத்தை விசாரித்தால், திருநெல்வேலி வட்டாரத்தில் பெரும்பாலும் மூன்று பதில்களே கிடைக்கின்றன. வண்டி எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பது முதலாவது. இசுசு வி-கிராஸ் போன்ற வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் இளைஞர்கள் சொல்வது இது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, பணகுடி, காவல்கிணறு பக்கம் நான்குவழிச் சாலையில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, ஆகவே வண்டி தரையோடு ஒட்டி ஓட வேண்டும் என்பது இரண்டாவது. களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிறவர்களும் பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி மூட்டை கொண்டுபோகிறவர்களும் சொல்வது மூன்றாவது: தொட்டியின் தளம் சற்று இறங்கினால் சுமை தூக்குகிறவருக்குச் சிரமம் குறையும். மூன்றும் நியாயமான தேவைகள்தான். ஆனால் மூன்றுக்கும் ஒரே வேலை பொருந்தாது. இரண்டு தேவைகளுக்குத் தாழ்த்துவதைவிட நல்ல வழி வேறு இருக்கிறது.

காற்று விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வண்டி கவிழாமல் நிற்பதை, இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுத்து மதிப்பிடலாம். அகலம் 1,400 மி.மீ., சுமையோடு எடை மையம் 1,100 மி.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், வண்டியை 40 மி.மீ. தாழ்த்துவதால் கிடைக்கும் முன்னேற்றம் ஏறத்தாழ நான்கு சதவீதம். அதே வண்டியில், மொத்த எடையில் பாதி சுமையாக இருக்கும்போது, அடுக்கின் உயரத்தில் 300 மி.மீ. குறைத்து அதே எடையைத் தொட்டியில் பரப்பி வைத்தால் எடை மையம் 75 மி.மீ. இறங்கிவிடும்; காற்று மோதும் பரப்பும் குறையும். செலவில்லாமல் கிடைப்பது, பட்டறைச் செலவில் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே காற்றுக்குப் பயந்து வருகிறவருக்கு நான் சொல்வது, தார்களை ஓர் அடுக்கு குறைத்து ஏற்றி, தேய்ந்த ஷாக் அப்சார்பர்களையும் கமான் (எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்) புஷ்களையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான். ஏற்று உயரத்துக்கும் இதே விடைதான்: ஒன்றரை அங்குலம் இறங்குவதால் சுமையாளுக்குப் பெரிய நிம்மதி கிடைத்துவிடாது. புதிதாக வண்டி வாங்கும் நிலையில் இருப்பவர், சிறிய சக்கரமும் தாழ்ந்த தளமும் கொண்ட டாடா ஏஸ் போன்ற வண்டி தம் சுமைக்குப் போதுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

இவ்வளவுக்குப் பிறகும் தாழ்த்தியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தால், எந்த வழி என்பதற்கு முன் எவ்வளவு என்பதை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். அளக்க வேண்டிய இடம் மட்கார்டு அல்ல, பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸில் பொருத்தியிருக்கும் ஸ்டாப்பர் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. வெறும் வண்டியில் ஒரு முறை, வழக்கமான முழுச் சுமையோடு ஒரு முறை என இரண்டு தடவை அளக்க வேண்டும். உதாரணமாக, வெறும் வண்டியில் இடைவெளி 110 மி.மீ. இருந்து, சுமை ஏறியதும் வண்டி 70 மி.மீ. அமுங்குகிறது என்றால், பள்ளம் மேட்டுக்கு மிஞ்சுவது 40 மி.மீ. மட்டுமே. இந்த வண்டியை 50 மி.மீ. தாழ்த்தினால், சுமை ஏற்றி முடிப்பதற்கு முன்பே ஆக்சில் ரப்பரைத் தொட்டுவிடும். அதன்பின் ஒவ்வொரு குழியும் சேசிஸில் நேராக அடிக்கும். 15 அல்லது 20 மி.மீ. தாழ்த்தினால் பிழைக்கலாம். சுமை வண்டிக்கும் சொந்த உபயோக வண்டிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கிறது. குனிந்து பார்த்தால் அந்த ரப்பரே வண்டியின் கதையைச் சொல்லும்: தூசி படிந்து முனை கூராக இருந்தால் இடைவெளி போதுமானது, முனை மழுங்கி, நேர்கீழே ஆக்சிலில் உள்ள தட்டு பெயிண்ட் உரிந்து பளபளத்தால், அந்த வண்டியில் தாழ்த்துவதற்கு இடமே இல்லை.

வெறும் வண்டியில் வால் சற்றுத் தூக்கி நிற்பதைக் குறை என்று எண்ணுகிறவர்கள் பலர். சுமை ஏறியதும் வண்டி சமமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். வெறும் வண்டியில் சமமாக்கிவிட்டால், சுமை ஏறியதும் மூக்கு மேலே போய், முகப்பு விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்; முன் சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் இலேசாகும்.

இனி வழிகளைப் பார்ப்போம். பின்பக்கத்தில் நம் ஊரில் மலிவாகவும் உடனடியாகவும் செய்யப்படுவது கமான் கட்டிலிருந்து ஒரு பட்டையை உருவிவிடுவது. இதை நான் எந்தச் சுமை வண்டிக்கும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரே தடிமனுள்ள ஐந்து பட்டைகளில் ஒன்றை எடுத்தால் கட்டின் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மேலே சொன்ன 70 மி.மீ. அமுக்கம் 87 மி.மீ.யைத் தாண்டுகிறது. அதாவது வெறும் வண்டி தாழ்வதோடு, சுமை வண்டி இன்னும் கூடுதலாக அமுங்குகிறது. மீதமுள்ள பட்டைகள் தங்களுக்கு விதிக்காத பாரத்தைச் சுமந்து, பெரும்பாலும் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையருகே முறிகின்றன. சுமையே ஏற்றாத வண்டியில் சவாரி மென்மையாவது உண்மைதான். ஆனால் அந்த வண்டியை நாளைக்கு வாங்குகிறவர் சுமை ஏற்ற மாட்டார் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

இதற்கு நேர்மாறானது, பட்டைகளின் எண்ணிக்கையையும் தடிமனையும் அப்படியே வைத்து, வளைவை மட்டும் குறைப்பது. விறைப்பு மாறாது, சுமை ஏற்றினால் அமுங்கும் அளவும் மாறாது, தாழ்ந்த அளவுக்கு மட்டுமே இடைவெளி குறையும். வளைவு குறைந்த புதுக் கட்டைச் செய்து வாங்குவது இதில் முதல் தரம். பழைய பட்டைகளையே குளிர்ந்த நிலையில் அழுத்தி, எல்லாப் பட்டைகளையும் ஒரே அளவில் வளைவு தளர்த்தும் பட்டறை கிடைத்தால் அது இரண்டாம் தரம். கேஸ் கட்டரால் சிவக்கக் காய்ச்சித் தட்டி நேராக்குவது மூன்றாவது வழியல்ல, தவறான வழி. கமான் பட்டைகள் இ.என். 45 போன்ற சிலிக்கான்-மாங்கனீசு எஃகைப் பட்டையாக உருட்டி, வளைத்து, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தப்பட்டவை. சிவக்கக் காய்ந்த இடத்தில் அந்தப் பதம் போய்விடுகிறது. அடுப்பு, எண்ணெய்த் தொட்டி, பதச்சூடு என்று மூன்று கட்டத்தையும் மறுபடி செய்யாவிட்டால், சில மாதங்களில் ஒரு பக்கம் மட்டும் தொய்ந்து வண்டி சாய்ந்து நிற்கும்.

கட்டில் மேலே இருக்கும் மெயின் பட்டையின் கண்ணை, அதாவது அதன் முனையில் சுருண்டிருக்கும் வளையத்தை, திருப்பிச் சுருட்டுவது இன்னொரு வழி. சாதாரணமாகக் கண் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அதைக் கீழ்நோக்கிச் சுருட்டிய மெயின் பட்டையைப் போட்டால், கண்ணின் உள்விட்டமும் பட்டையின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு வண்டி இறங்கும். கண் 35 மி.மீ., பட்டை 8 மி.மீ. என்றால் 43 மி.மீ. விறைப்பும் கெடாது, வளைவும் மாறாது. ஆனால் சுமை வண்டிகளில் இரண்டாவது பட்டையின் முனை மெயின் பட்டையின் கண்ணைக் கீழிருந்து அரவணைத்துச் சுற்றியிருக்கும். மெயின் பட்டை கண்ணருகே முறிந்தாலும் ஆக்சில் இடம் பெயராமல் பிடித்துக்கொள்வது அந்தச் சுற்றுதான். கண்ணைத் திருப்பும்போது அதை வெட்டிக் குட்டையாக்க வேண்டியிருக்கிறது. பாபநாசம் மலைச்சாலையில் சுமையோடு இறங்கும் வண்டியில் அந்தப் பாதுகாப்பை இழக்க நான் துணிய மாட்டேன். தோற்றத்துக்காகத் தாழ்த்தும் சொந்த வண்டிக்கு மட்டும் இது ஏற்றது.

கமானின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைத்து ஆடும் ஷேக்கிளை மாற்றுவதுதான் குறைந்த வேலையில் முடிவது. ஆனால் இதில் திசைக் குழப்பம் அதிகம். ஷேக்கிள் சேசிஸிலிருந்து கீழே தொங்கி, அடிநுனியில் கமான் கண்ணைப் பிடித்திருந்தால், நீளமான ஷேக்கிள் வண்டியைத் தூக்கும். தாழ்த்தக் குட்டையான ஷேக்கிள் வேண்டும். சேசிஸில் உள்ள ஆணியிலிருந்து ஷேக்கிள் மேல்நோக்கிப் போய், மேல்நுனியில் கண்ணைப் பிடித்திருந்தால் நிலைமை தலைகீழ்: நீளமானதே தாழ்த்தும். எந்த வகையானாலும், ஷேக்கிளில் செய்யும் மாற்றத்தில் ஏறத்தாழ பாதிதான் ஆக்சிலுக்கு மேலே கிடைக்கும்; 50 மி.மீ. மாற்றினால் 25 மி.மீ. இறங்கும். கட்டைப் பிரிக்காமல், பழைய ஷேக்கிளைப் பத்திரமாக வைத்திருந்து வேண்டும்போது திரும்பப் போட முடியும் என்பது இதன் பெரிய அனுகூலம். மிகக் குட்டையாக்கிவிட்டால், சுமை ஏறிக் கமான் நீளும்போது ஷேக்கிள் ஆட இடமில்லாமல் சேசிஸில் முட்டும்.

பிளாக் வைத்துத் தாழ்த்தலாம் என்று சொல்கிறவரிடம் முதலில் வண்டிக்கு அடியில் பார்க்கச் சொல்ல வேண்டும். கமான் ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வண்டியில், இரண்டுக்கும் நடுவே பிளாக் வைத்தால் வண்டி உயரத்தான் செய்யும். பெரும்பாலான பிக்கப்கள் இந்த வகை. ஆக்சிலுக்கு அடியில் கமான் போகும் வண்டிகளில் மட்டுமே பிளாக் தாழ்த்தும். தொழிற்சாலையிலேயே பிளாக் வைத்து வந்த வண்டியில் அதை எடுத்தால் அதன் உயரத்துக்கு இறங்கும்; அப்போது கமானை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும். கமானை ஆக்சிலுக்கு அடியில் மாற்றிக் கட்டும் முறையில் ஐந்தாறு அங்குலம் வரை இறங்கும். அதற்குச் சேசிஸை ஆக்சிலுக்கு மேலே வெட்டி வளைத்து வலுவூட்ட வேண்டும். கண்காட்சிக்கு நிற்கும் வண்டிக்கு உரிய வேலை இது. நம் ஊர்ச் சாலையில் ஓடும் வண்டிக்குச் சேசிஸில் கட்டர் வைப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்பக்கம் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில், குட்டையாகவும் சற்று விறைப்பாகவும் செய்யப்பட்ட ஸ்பிரிங்கை வாங்கிப் போடுவது சரியான வழி. உள்ள ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எட்டுச் சுற்றில் ஒன்று போனால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடுகிறது என்பதால் வேலை உடனே கெட்டுவிடுவதில்லை; ஆனால் வெட்டிய முனை இருப்பிடத்தில் சரியாக அமராமல் நழுவுவதும், கேஸில் வெட்டிய இடம் பதம் இழப்பதும் நிச்சயம். டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் தண்டு) உள்ள சில வண்டிகளில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினாலே மூக்கு இறங்கும். பொருள் எதுவும் வாங்காமல் முடியும் வேலை என்பதாலேயே பலர் அளவு மீறித் தளர்த்திவிடுகிறார்கள்.

டயரைச் சிறிதாக்குவது பற்றி ஒரு வார்த்தை. 215/75 ஆர் 15 டயருக்குப் பதில் 215/65 ஆர் 15 போட்டால் வண்டி 21 மி.மீ. இறங்கும். ஸ்பிரிங்கால் தாழ்த்தும்போது கிரௌன் உருண்டை (பின் ஆக்சிலின் நடுவே உள்ள பற்சக்கரக் கூடு) தரையிலிருந்து இருந்த உயரத்திலேயே இருக்கும். டயரால் தாழ்த்தினால் அதுவும் சேர்ந்து இறங்குகிறது. டயரின் சுமைத் திறன் குறையலாம். ஸ்பீடோமீட்டர் ஆறு சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். ஏர் சஸ்பென்ஷன் எல்லாவற்றிலும் வசதியானது, எல்லாவற்றிலும் விலை கூடியது. செம்மண் புழுதியில் அதன் பைகளையும் வால்வுகளையும் பராமரிக்க உள்ளூரில் ஆள் இருந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

சாலையை மறந்துவிட்டு இந்த முடிவை எடுக்க முடியாது. இந்திய சாலைக் காங்கிரசின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. மட்டுமே உயர வேண்டும். கிராமத்துத் தெருக்களில் நாம் காண்பதோ குறுகிச் செங்குத்தாக எழும் மேடுகள். அவற்றில் இடிபடுவது சைலன்சரும் நடுச் சேசிஸ் குறுக்குச் சட்டமும். கால்வாய்க்கரையிலிருந்து வாழைத் தோட்டத்துக்குள் இறங்கும் சரிவில் இடிபடுவது, தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி. தினமும் போகிற வழியில் மிக மோசமான இடத்தைத் தேர்ந்து, அங்கே வண்டியை நிறுத்தி, அடியில் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போவது நல்லது.

சட்டமும் தேர்வைக் குறுக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சரக்கு வண்டிகள் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போக வேண்டும். ஆகவே வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அவசியம். சேசிஸை வெட்டாத, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய வழிகளை நான் முன்னால் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் தேர்வு இதுதான். சுமை வண்டியை 25 மி.மீ.க்கு மேல் தாழ்த்தக்கூடாது. அதுவும் இடைவெளிக் கணக்கு இடம் தந்தால் மட்டும், ஷேக்கிள் வழியாகவோ வளைவு குறைந்த முழுக் கட்டு வழியாகவோ. சொந்த உபயோக வண்டியை 40 முதல் 50 மி.மீ. வரை, பின்னால் கண் திருப்பிய மெயின் பட்டையோ வளைவு குறைந்த கட்டோ, முன்னால் அதற்கென்றே செய்த ஸ்பிரிங்கோ போட்டுத் தாழ்த்தலாம். நான்கு ஷாக் அப்சார்பர்களையும் குட்டையானவையாக மாற்றியே ஆக வேண்டும்.

பொருத்தும்போது இரண்டு விஷயங்களை யாரும் விட்டுவிடக்கூடாது. கமான் கண் போல்ட்டுகளையும் ஷேக்கிள் போல்ட்டுகளையும் ஜாக்கியில் தொங்கும் நிலையில் முழுவதுமாக முறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும். சக்கரம் தரையில் நின்ற பிறகே இறுதி முறுக்கு. யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும், ஏனெனில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து கட்டு தளரும்.

மிக ஆபத்தானதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் பிரேக். பல பிக்கப்களில் சேசிஸில் ஒரு வால்வும், அதிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு கம்பியும் இருக்கும். சுமை ஏறிச் சேசிஸ் தாழ்ந்தால், கம்பி வால்வின் கையை நகர்த்திப் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். வெறும் வண்டியில் அழுத்தத்தைக் குறைக்கும். வண்டியைத் தாழ்த்தியதும் வெறும் வண்டியையே சுமை வண்டி என்று அந்த வால்வு எடுத்துக்கொள்கிறது. ஐப்பசி மழையில், சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது அவசரமாகப் பிரேக் பிடித்தால், பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வால் சுழலும். கம்பியின் நீளத்தையோ பிராக்கெட்டின் இடத்தையோ தயாரிப்பாளர் குறித்த அளவுக்குத் திருத்திய பிறகே வண்டி சாலையில் இறங்க வேண்டும்.

வேலை முடிந்த வண்டியில் வரும் கோளாறுகளுக்கு அறிகுறியே வழிகாட்டும். 60, 70 வேகத்தில் தொட்டி அதிர்ந்தால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருக்கிறது. கியர்பாக்ஸ் முனையின் கிராஸ் கோணமும் கிரௌன் முனையின் கோணமும் ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்கும்படி, கமானுக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவே எஃகு ஆப்பு வைக்க வேண்டும். நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நின்றால், முன் கண்ணிலிருந்து ஆக்சில் வரை இரு பக்கமும் அளந்து பார்த்தால் போதும்; அளவு வேறுபட்டால், பெரும்பாலும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் குழியில் அமராமல் விளிம்பில் நிற்கும். முன் டயர் உள்விளிம்பில் தேய்ந்தால், கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறியிருக்கின்றன. தாழ்த்திய அன்றே அலைன்மெண்ட் பார்த்திருக்க வேண்டும். பள்ளத்தில் டங்கென்று ஒலி வந்தால், அது ஸ்டாப்பர் ரப்பரா ஷாக் அப்சார்பரா என்று அறிய, ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி, சுமையோடு வழக்கமான பாதையில் ஒரு முறை போய்வந்து, அது எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். தண்டின் கடைசி வரை போயிருந்தால் ஷாக் நீளமானது. பாதியில் நின்று, ரப்பரின் முனை நசுங்கியிருந்தால், ஷாக்கை மாற்றிப் பயனில்லை. பழைய ஷேக்கிளைத் திரும்பப் போட்டு வண்டியை உயர்த்த வேண்டும்.